மண்டபத்து கம்ப்யூட்டருக்கு ஒரு காப்பி

பொள்ளாச்சியில் சென்னியப்பன் கம்பெனி என்று ஒன்று உண்டு. அதில் சென்னியப்பனைக் கழித்துவிட்டால் மூளை என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. மிஞ்சுவது கிட்டுசாமி, பொன்னுரங்கம், மரகதம். மூவரும் சொன்ன சொல் தட்டாதவர்கள். கம்பெனிக்கு வந்த கேடே அதுதான்.

ஒரு கல்யாண மண்டபத்துக்குச் சாப்பாட்டு டோக்கன் அடிக்கும் புரோகிராம் அவர்கள் பொறுப்பில் இருந்தது. யார் யாரோ எழுதி, அது இடியாப்பம் மாதிரி சிக்கிக் கிடந்தது. பழனிக்கு மொட்டை போடக் கிளம்பிய சென்னியப்பன், அதைச் சுத்தம் செய்யச் சொல்லி மூன்று விதிகளும் சொன்னார். கை வைக்கும் முன் ஒரு காப்பி எடுத்து வைக்க வேண்டும். புரியாத இடத்தில் குறிப்பு எழுத வேண்டும். ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதக் கூடாது.

மரகதம் உடனே முக்குக் கடைக்குப் போய் சர்க்கரை போடாமல் ஃபிளாஸ்க் நிறைய வாங்கி வந்தாள். ஒரு டம்ளரில் ஊற்றி, தட்டுப் போட்டு மூடி, ஆபீஸ் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தாள்.

"சக்கரை போட்டா எறும்பு வருமே" என்று கவலைப்பட்டான் பொன்னுரங்கம்.

"சார் காப்பின்னுதான் சொன்னாரு. கசாயம்னு சொல்லலை" என்றாள் மரகதம்.

சர்க்கரை போடுவதென்று முடிவாயிற்று.

அடுத்தது குறிப்பு. பொன்னுரங்கத்துக்கு எந்த வரியும் புரியாததால் ஒவ்வொரு வரிக்குக் கீழும் 'இது புரியவில்லை' என்று எழுதினான். பாவம், விரலே வீங்கிவிட்டது. பிறகுதான் மூன்றாவது விதி ஞாபகம் வந்தது. ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை அழித்தான்.

கிட்டுசாமி அதைவிடப் பெரிய குற்றத்தைக் கண்டுபிடித்தான். பெண் வீட்டுக்கு டோக்கன் அடிக்க எழுதியிருந்ததையே மாப்பிள்ளை வீட்டுக்கும் திரும்ப எழுதியிருந்தார்கள்.

"மாப்பிள்ளை வீட்டை அழிச்சரலாம்" என்றான். "பொண்ணு வீட்டுக்காரங்கதான் செலவு பண்றாங்க. அவங்களாச்சும் சாப்பிடட்டும்."

நியாயம் என்று பட்டதால் அழித்தார்கள். அன்று சாயங்காலமே மண்டபத்து கம்ப்யூட்டரிலும் மாற்றிவிட்டு வந்தார்கள்.

மறுநாள் காலை மண்டபத்து மேனேஜர் போனில் அலறினார். பெண் வீட்டார் டிபன் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு டோக்கன்கூட வரவில்லை. சம்பந்தி கோபத்தில் செருப்பை மாட்டிக்கொண்டார். தாலி இன்னும் ஏறவில்லை. அவர் படியிறங்கினால் கல்யாணம் நின்றுவிடும்.

கிட்டுசாமி பழனிக்குப் போன் போட்டான். பாதி மொட்டையோடு எடுத்து விஷயத்தைக் கேட்டார் சென்னியப்பன்.

"காப்பி எடுத்து வெச்சீங்களா?"

"நேத்தே வெச்சுட்டமுங்க."

சென்னியப்பனுக்கு உயிர் வந்தது. "அப்பக் கவலையில்லை. அதை அப்படியே உள்ள போடு."

சூடு பண்ணலாமா என்று மரகதம் சாடையாகக் கேட்டாள். 'அப்படியே' போடத்தான் உத்தரவு, வேண்டாம் என்று கிட்டுசாமி கையசைத்தான். ஏடு படிந்த காப்பி கம்ப்யூட்டருக்குள் இறங்கியது. அது புஸ்ஸென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அணைந்தது.

"ஏதாச்சும் எர்ரர் காட்டுதா?"

"ஒண்ணுமே காட்டலீங்க."

"முருகா" என்று பெருமூச்சு விட்டார் சென்னியப்பன். "ஓடுங்க, மண்டபத்து கம்ப்யூட்டர்லயும் அதே காப்பியைப் போடுங்க. சம்பந்தி செருப்பைக் கழட்டிருவாரு."

டம்ளர் காலி. மூவரும் கலங்கித்தான் போனார்கள். நல்லவேளை, ஃபிளாஸ்க்கில் இன்னும் பாதி இருந்தது. பொன்னுரங்கம் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினான்.

"மாப்பிள்ளை வீட்டு விஷயம், ரெண்டு ஸ்பூன் தூக்கலாவே போடணும்" என்று சொல்லிக்கொண்டே மரகதம் சர்க்கரை டப்பாவோடு பின்னால் ஓடினாள்.