ஆரல்வாய்மொழிக் காற்று

காற்றுக்குப் பேர்போன ஆரல்வாய்மொழியில் வீட்டு முற்றத்திலேயே இரும்பு கேட் செய்து பிழைக்கலாமென்று, செயினை விற்ற காசோடு வெல்டிங் மெஷின் வாங்கக் கடைக்கு வந்திருந்தாள் லில்லிபாய்.

“ராடு மெஷினெல்லாம் பழசும்மா. கேஸ் சிலிண்டர் வச்ச இந்த மிக் மெஷினைப் பாரு!” என்ற கடை முதலாளி, ஃபேனை அணைத்துவிட்டு வேர்க்க வேர்க்க இரண்டு இரும்புத் துண்டுகளைப் பற்றவைத்தார். வழவழவென்று வந்தது. “குறை சொல்லுடா பார்ப்போம்!” என்று சுமைதூக்கும் தாசையனைச் சீண்டினார்.

“குறையே இல்ல முதலாளி. இன்னொண்ணு வச்சுக் காட்டுங்க” என்றபடி தாசையன் ஃபேனைப் போட்டார். பற்றவைக்கும் இடத்தை மூடிக் காக்க வேண்டிய கேஸ் காற்றில் பறந்தது. வெல்டிங் ஆப்பம் மாதிரி ஓட்டை ஓட்டையாய் வந்தது.

“என்னடா பண்ணினே?”

“தங்கச்சி ஊர்க் காத்துல கொஞ்சம் கொண்டுவந்தேன், முதலாளி. ராடுக்குக் கேஸே வேண்டாம், இதுக்கெல்லாம் அசையாது.”

ராடு மெஷினை ஆட்டோவில் ஏற்றியதும் லில்லிபாய் கைகூப்பினாள். “நான் செய்யுற முதல் கேட் உங்களுக்குத்தான் அண்ணே.”

“என் வீட்டுக்கு மதிலே கிடையாதே, தங்கச்சி!”

“கேட் வரட்டும். மதில் தானா ஓடி வரும்.”