அடிமண்

கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்த அந்த மடத்துக்குத் தகரக் கூரை. சித்திரை வெயிலில் உள்ளே உட்கார்ந்தால் மண்டை காய்ந்துவிடும். போன சித்திரையில் சிற்றம்பலம் என்கிற துறவி அங்கேதான் வெப்பம் தாங்காமல் இறந்துபோனார்.

மடத்து முறைப்படி உடலை எரிக்கவில்லை. கொல்லையில் ஆழமாகக் குழி வெட்டி, உட்கார்ந்த நிலையில் வைத்து, திருநீறும் வில்வமும் இட்டு மூடினார்கள். மறுநாள் மடத்தின் குரு தம் பாயைச் சிற்றம்பலம் இறந்த அறைக்கு மாற்றிக்கொண்டார். யார் சொல்லியும் கேட்கவில்லை.

மடத்தின் கட்டட வேலைகளைப் பார்ப்பவர் சீடர் செவ்வேள். இன்ஜினியரிங் படித்தவர். துடைப்பம் வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிற ஆள். மறுபடி பங்குனி பிறந்ததும் அவருக்குக் குருவைப் பற்றிய கவலை வந்தது. குருவுக்கு வயதாகிவிட்டது, இருமல் வேறு. இந்த வெயிலைத் தாங்குவாரா?

அவர் குருவிடம் போய் விளக்கினார். ஏசி போட்டால் மின்சாரத்தைத் தின்னும், கரண்ட் போனால் அதுவும் போச்சு. ஆழத்தில் குழாய் பதித்து, வெளிக்காற்றை அதன் வழியே இழுத்து அறைக்குள் விட்டால் ஒரு விசிறிக்கான மின்சாரம் போதும். மேலே எவ்வளவு வெயில் அடித்தாலும் அடிமண் சூடேறாது. ஆனால் கரிசல் வெடிக்கிற மண், குழாய் தாங்குமா என்று தெரியவில்லை. கோயம்புத்தூரில் ஒருவரிடம் கேட்டிருப்பதாகவும், அவர் வந்து பார்த்ததும் முடிவு செய்யலாம் என்றும் சொன்னார்.

"போன வருஷமும் அவரைத்தானே கேட்டிருந்தே?" என்றார் குரு.

"ஆமா சாமி" என்றார் செவ்வேள்.

போன பங்குனியில் சிற்றம்பலம் அவரிடம் வந்து, தகரத்தின் மேல் தென்னங்கீற்றாவது போடலாமா என்று கேட்டிருந்தார். "கொஞ்சம் குளிர்ச்சியா இருந்தாப் போதும்" என்றார். நிரந்தரமாகவே ஒரு ஏற்பாடு செய்யப் போகிறோம், இப்போது கீற்று போட்டால் வீண்தானே, பொறுங்கள் என்றார் செவ்வேள். சிற்றம்பலமும் சரி என்று போய்விட்டார். எதையும் இரண்டாம் முறை கேட்காத மனிதர்.

"தப்பா ஒண்ணைச் செஞ்சுடக் கூடாதுன்னுதான் சாமி..." என்று இழுத்தார் செவ்வேள்.

குரு எழுந்து கொல்லைக்கு நடந்தார். செவ்வேள் பின்னால் போனார். சிற்றம்பலத்தின் சமாதி மேட்டில் ஒரு புல்கூட இல்லை. குரு அதன் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணில் கை வைத்தார். சுட்டது. கையை எடுத்துக்கொண்டார்.

"நீ சொன்னது சரிதான். அடியில குளிர்ச்சியாத்தான் இருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும் சாமி?"

"அவனை உட்கார வைக்கக் குழிக்குள்ள நான்தானே இறங்கினேன். உள்ள ஜில்லுன்னு இருந்துச்சு. அவன் கேட்டது அவ்வளவுதான்."