சொல்லாமல் கிளம்பும் வாத்துகள்

எப்போதோ ஒரு காலத்தில் நெடும்பொய்கை என்ற நாட்டைக் கனகசேகரன் என்றொரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். தன் உத்தரவு இல்லாமல் சபையிலிருந்து யாராவது எழுந்து போனால் மட்டும் அவனுக்குப் பொறுக்காது.

அரண்மனைக்குப் பின்னால் ஒரு பெரிய ஏரி. கார்த்திகை பிறந்தால் வடக்கேயிருந்து வரித்தலை வாத்துகள் கூட்டம் கூட்டமாக வந்து அதில் இறங்கும். ராஜா மாடத்தில் நின்று பார்த்துப் பூரித்துப்போவான். பங்குனி முடிவதற்குள் ஒன்றுவிடாமல் பறந்துவிடும். "என் வயலில் மேய்ந்துவிட்டு என்னிடம் சொல்லாமல் போகின்றனவே" என்று வருஷாவருஷம் புலம்புவான். அந்த வருஷம் மார்கழியிலேயே, வாத்துகள் ஏரியில் இருக்கும்போதே, முன்கூட்டிக் கோபப்பட ஆரம்பித்துவிட்டான்.

வல்லபராயர் என்ற பிரதானிக்கு இது வசதியாகப் போயிற்று. மந்திரி இளநாகர் மேல் அவருக்கு நெடுநாள் பொறாமை. ஏரிக்கரையில் மீன்பிடிக்கும் வலைஞர்களைக் குடிவைத்தது அந்த மந்திரிதான். அவர்கள் போடும் சத்தத்தில்தான் பறவைகள் மிரண்டு ஓடுகின்றன, குடிசைகளைப் பிரித்தெறிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ராஜாவின் காதில் போட்டார். ராஜாவும் தலையாட்டிவிட்டான்.

செய்தி இளநாகருக்கு எட்டியது. அத்தனை குடும்பங்களும் எங்கே போகும்? ஏரி நிரம்பி வழிந்த வருஷமும், பாளம்பாளமாய் வெடித்துக் கிடந்த வருஷமும், வலைஞர்கள் வருவதற்கு முன்பும் வாத்துகள் அதே பருவத்தில்தான் கிளம்பின என்பது அவருக்குத் தெரியும். மாறாமல் இருந்தது சூரியன் ஒன்றுதான். குதிரை விற்க வரும் வடநாட்டு வியாபாரிகளிடமும் இதுபற்றி விசாரித்து வைத்திருந்தார்.

மறுநாள் சபையில் அதையெல்லாம் எடுத்துச் சொன்னார். வடகோடியில் கோடைப் பகல் மிக நீளமாம். பொழுது சாயவே மனம் வராதாம். குஞ்சுகள் வயிறார மேய்ந்து வளர அந்த வெளிச்சம் வேண்டும். குளிர்காலத்தில் அங்கே பகல் சுருங்கிப் பனி மூடிவிடுவதால் இங்கே வருகின்றன. இங்கே பகல் மெல்ல நீளத் தொடங்கியதும், ஊருக்குத் திரும்ப வேளை வந்துவிட்டதென்று புரிந்துகொள்கின்றன.

வல்லபராயர் சிரித்தார். "நம் மகாராஜாவிடம் வெளிச்சத்துக்கா பஞ்சம்? கரை முழுக்கத் தீப்பந்தம் ஏற்றினால் பகல் தானாக நீளும். உத்தரவு கொடுங்கள், ஒரு வாத்தும் நகராது."

"செய்யட்டும் மகாராஜா," என்றார் இளநாகர் பணிவாக. "வாத்துகள் தங்கிவிட்டால் என் பதவியை அவரே எடுத்துக்கொள்ளட்டும். போய்விட்டால் வலைஞர்கள் அங்கேயே இருக்கட்டும்."

ராஜாவுக்கு இந்தப் பந்தயம் பிடித்துவிட்டது. அன்று முதல், சூரியன் இறங்கியதும் ஏரியைச் சுற்றித் தீப்பந்தங்கள் எரிந்தன. வல்லபராயர் பல்லக்கில் சுற்றிவந்து, வெளிச்சம் போதவில்லை என்று ஆட்களை அதட்டினார். அரண்மனைச் சமையலில் எண்ணெய் குறைந்தது, ராஜா பொறுத்துக்கொண்டான்.

பங்குனிகூட வரவில்லை. மாசியிலேயே ஒரு காலையில் ஏரி வெறிச்சோடிக் கிடந்தது.

சபை கூடியது. வல்லபராயர் தம் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ராஜா மந்திரியைப் பார்த்தான்.

"கூண்டுப் பறவைக்கு முன்னால் தினமும் விளக்கேற்றி வைத்தால், பருவம் வருமுன்னே பாடத் தொடங்கிவிடும். பறவை வளர்க்கிறவர்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன்," என்றார் இளநாகர். "வாத்துகளும் பகலின் நீளத்தை வைத்துத்தான் மாதம் பார்க்கின்றன. பிரதானி பகலை நீட்டினார். நேரமாகிவிட்டதென்று அவை புறப்பட்டுவிட்டன."

"தெரிந்தேதான் சம்மதித்தாயா?"

"குடிசைகளைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை, மகாராஜா."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். ஆனாலும் முகம் வாடித்தான் இருந்தது. எல்லாம் முடிந்தும், அவை அவனிடம் சொல்லாமல்தானே போயின?

இளநாகருக்கு அது புரிந்தது. பகல் நீளும்போது வாத்துகள் புறப்பட வேண்டும், குறுகும்போது திரும்பி வர வேண்டும் என்று மகாராஜாவே உத்தரவு போட்டுவிடலாமே என்றார். ராஜாவின் முகம் மலர்ந்தது. ஓலை எழுதி முத்திரையும் வைத்தாயிற்று. வருஷாவருஷம் பங்குனியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதை வாத்துகளுக்கு வாசித்துக் காட்டும் வேலை வல்லபராயருக்குக் கிடைத்தது.

அந்த ராஜா ஆண்ட காலம்வரை ஒரு வாத்துகூட உத்தரவை மீறவில்லை.