கொழும்பு தெரியும் பெஞ்சு

அக்காள் புருஷன் தளவாய்க்கு வாயைத் தவிர வேறெந்த உறுப்புக்கும் உடற்பயிற்சி கிடையாது என்பது செல்வராணியின் தீர்மானமான அபிப்பிராயம். ஆனாலும் எடை தூக்கும் பெஞ்சு வாங்க அவரைத்தான் கூட்டிப்போக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். விஷயம் தெரிந்த ஆம்பிளையாம். அவர் கைகாட்டுவதுதான் வீட்டுக்குள் வருமாம்.

செல்வராணி காலையில் மாடியறையில் தனியாக டம்பெல் தூக்குகிறவள். பழைய பெஞ்சின் சாய்மானம் போன மாதம் சட்டென்று கீழே இறங்கியதில், கையிலிருந்த டம்பெல் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. இந்த முறையும் தப்பாக வாங்கினால் மூக்கு மிஞ்சாது என்று நிஜமாகவே பயந்தாள்.

பாளையங்கோட்டையில் கடைக்காரர் சேவியர் கறுப்பும் சிவப்புமாக இரண்டு பெஞ்சுகளை எடுத்துப் போட்டார். கறுப்புக்குக் கனத்த கால்கள், அசையவில்லை. சிவப்பு பளபளவென்று இருந்தது, தொட்டாலே ஆடியது. தளவாய் சிவப்பைத் தட்டிக்கொடுத்தார்.

"இதான் சரக்கு. காலேஜ்ல என் பெஞ்சும் சிவப்புதான். நான் படுத்துத் தூக்குனா நாலு காலும் சிமெண்டுத் தரையில எறங்கிரும். அந்தக் குழியிலதான் இப்போ மோட்டார் வச்சுத் தண்ணி எடுக்காங்க."

"நல்ல தண்ணியா அத்தான்?"

"எளநி தோத்துரும்."

கேலி உறைக்கிற தோலே இல்லை அவருக்கு.

"ஒருநா தென்காசி பஸ்ஸு பள்ளத்துல மாட்டிக்கிட்டு. பெஞ்ச அடியில தள்ளி, படுத்து, அப்படியே தூக்கிட்டேன். கண்டக்டருக்கு ஒண்ணும் தெரியல, டிக்கெட் கிழிச்சுக்கிட்டே இருக்கான். ஒரு பெரியவரு ஸ்டாப் வந்துட்டுன்னு எறங்கப் பாத்தாரு. ஏணி வைக்க வேண்டியதாப் போச்சு."

சேவியர் இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அதிருக்கட்டும். இந்தச் சிவப்புல சாய்மானம் நிக்குமா அத்தான்? எனக்கு அதான் வேணும்."

"நிக்குமாவா? என் பெஞ்சுல அஞ்சாவது ஓட்டையில கம்பிய மாட்டிச் சாஞ்சா குத்தாலம் அருவி தெரியும். ஆறாவதுல கொழும்பு. அங்க ஒருத்தன் கடை வாசல்ல குடைய மறந்துட்டுப் போறான். படுத்த வாக்குலயே கூப்பிட்டுச் சொன்னேன். திரும்பி வந்து எடுத்துட்டுப் போனான், பாத்துக்கோ."

அண்டப்புளுகு ஆகாசப்புளுகு என்பார்களே, இது கடலையும் தாண்டிவிட்டது. இதை நம்பித்தான் அம்மா தன் மகளின் மூக்கை ஒப்படைத்திருக்கிறாள் என்று நினைக்கச் செல்வராணிக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. போனை எடுத்தாள்.

"படுத்துக் காட்டுங்க அத்தான். வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்புறேன்."

தளவாய் சட்டைக்கையை மடித்துக்கொண்டு கம்பீரமாகப் படுத்தார். சின்ன மெத்தையில் தலையை வைத்தார். உயர்ந்து நின்ற சாய்மானத்தின் மேல் இரண்டு கால்களையும் போட்டார். பெஞ்சு கடகடவென்று ஆட, விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

சேவியர் தணிந்த குரலில் சொன்னார். "அண்ணாச்சி, நீங்க தலை வச்சிருக்கது உக்காருற எடம். சாய்மானம் முதுகுக்கு."

"எனக்குத் தெரியாதாவே? பெரிய கனம் தூக்குறவன் இப்படித்தான் படுப்பான். அன்னைக்கிருந்து நான் இப்படித்தான்."

செல்வராணி கறுப்பு பெஞ்சை வண்டியில் ஏற்றச் சொன்னாள். பிறகு போனை அணைக்காமலே குனிந்து கேட்டாள்.

"அப்போ கொழும்பப் பாத்தது உங்க காலா அத்தான்?"