முயல் தொலைத்த விளாங்காய்

கோடை வந்ததும் காட்டுக் குளத்தைச் சுற்றி நிழல் விழும் கரை ஒன்றே எஞ்சியது. அங்கே வளை தோண்ட முயலும் விரும்பியது, கீரியும் விரும்பியது. கீரியின் இடத்தில் நரியை வைத்துச் சொல்வோரும் உளர். முயல் மட்டும் எங்கும் முயல்தான். அதற்கு அப்போதுதான் குட்டிகள் பிறந்திருந்தன.

காட்டு வழக்கப்படி விளாங்காய் ஆட்டத்தில் வழக்கைத் தீர்க்க இருவரும் இசைந்தனர். நடுவரான ஆமை விதிகளைச் சொன்னது.

"கோலால் அடித்துத் தம் காயை முதலில் குழியில் சேர்ப்பவருக்கே கரை. காய் தொலைந்தால், அதோ குளத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்கு கால் மாற்றி நிற்கும்வரை தேடலாம். அதன்பின் மாற்றுக்காய் வைத்து ஆட வேண்டும். மாற்றுக்காயை அடித்துவிட்டால் பழைய காய் ஆட்டத்தில் இல்லை. அதை அடிப்பவர் தோற்றவர்."

"விளங்கியது" என்றது முயல்.

கீரியின் காய் சேற்றில் புதைந்தது. முயல் ஓங்கி அடித்த காயோ புதரைத் தாண்டி மறைந்தது. எல்லாரும் புதருக்குள் தேடினர். புதருக்கு அப்பால், குழியின் விளிம்பிலேயே அது கிடந்ததைக் கீரி மட்டும் கண்டது, கண்டும் பேசவில்லை.

கொக்கு கால் மாற்றியது. முயல் மாற்றுக்காயை வைத்து அடித்தது. அது குழிக்கு ஒரு முழம் முன்னே வந்து நின்றது. இன்னும் ஒரு தட்டுத் தட்டினால் வெற்றி.

"முயலக்கா, உன் காய் இதோ விளிம்பிலேயே இருக்கிறதே!" என்றது கீரி.

முயல் திகைத்தது. "எது என் காய்? இதுவா, அதுவா?"

"இரண்டையும் நீதானே அடித்தாய்?"

முயல் மாற்றுக்காயிடம் வந்தது, பழைய காயிடம் ஓடியது, மீண்டும் திரும்பியது. விளிம்பில் இருப்பது இன்னும் பக்கமல்லவா என்று எண்ணி, பழைய காயையே உள்ளே தள்ளியது.

"கரை கீரிக்கு" என்றது ஆமை.

"அப்படியானால் குழிக்குள் கிடப்பது யாருடைய காய்?" என்று கேட்டது கொக்கு.

"யாருடையதும் அன்று."

"வெளியே கிடப்பது?"

"அதுதான் முயலுடையது."

"காய் உள்ளே போனதால் தோல்வியா! எனக்குத் தலை சுற்றுகிறது, பெரியவரே."

முயல் கீரியை முறைத்தது. "முன்பே கண்டிருக்கிறாய். ஏன் சொல்லவில்லை, தம்பி?"

"நீ கேட்கவில்லையே, அக்கா. இப்போதும் நான் சொன்னதில் பொய் ஏதும் உண்டா?"

முயல் கோலைக் கீழே போட்டது. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வெயில் காயும் எதிர்க்கரைக்குப் போயிற்று. அதன் மாற்றுக்காய் குழிக்கு ஒரு முழம் முன்னே அப்படியே கிடந்தது.

கைவிட்டதை மீண்டும் கண்டதும் கையில் உள்ளதை மறப்பவர், எளிதாக வந்திருக்க வேண்டிய வெற்றியையும் இழப்பர்.