லாசர் படகின் நண்டு

தொண்டை கெட்டுப்போன பிறகுதான் இன்னாசி தூரிகையைக் கையில் எடுத்தார். அதுவரை கடற்கரையில் மீன் ஏலம் கூவினவர். இனிமேல் கத்தினால் இருக்கிற குரலும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படகுகளுக்குப் படம் வரையும் தெக்லா டீச்சரிடம் போய் நின்றார். டீச்சர் அவரைவிட வயதில் இளையவர்.

பல மாதம் பெயிண்ட் கலக்கினார், பலகை தேய்த்தார். அப்புறம் டீச்சர் ஒரு புதுப் படகின் முகப்பை முழுசாக அவரிடம் விட்டார். படகுக்காரர் லாசர் கேட்டது நண்டு.

காலையில் வந்து பார்த்த லாசர் கொதித்துப்போனார்.

"யோவ் இன்னாசி, மசாலா தடவ மறந்துட்டியா? செவசெவன்னு வெந்த நண்டைப் போட்டு வச்சிருக்க! நாளைக்குக் கடல்ல இறங்குற படகுய்யா. முதல் நாளே செத்ததை முன்னால வச்சுக்கிட்டுப் போகவா?"

"சிவப்புன்னாதான் தூரத்துக்குத் தெரியும்," என்று இன்னாசி கரகரத்தார்.

"குழம்புச் சட்டியும்தான் தெரியும். சாயங்காலத்துக்குள்ள மாத்து. இல்லன்னா வேற ஆளைக் கூப்பிடுவேன். அப்புறம் இந்தக் கரையில எவனும் உன்னை நம்பிப் படகைத் தர மாட்டான்."

லாசர் போனதும் இன்னாசி தூரிகையை மணலில் விட்டெறிந்தார்.

"நண்டுக்கு எப்படித்தான் வர்ணம் அடிக்கிறது, டீச்சர்?"

"நீங்க வித்த நண்டெல்லாம் என்ன நிறம், அண்ணாச்சி?"

"நிறத்தை எவன் பார்த்தான்? தூக்கிக் கனம் பார்ப்பேன். காலு, கொடுக்கு குறையுதான்னு பார்ப்பேன். அவ்வளவுதான்."

டீச்சர் எழுந்து போனார். வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு உயிர் நண்டை வாங்கி வந்து, கடல்தண்ணீர் நிரப்பிய வாளியில் விட்டார்.

இன்னாசி வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"ஓடு நீலம்... இல்ல, நீலத்துல வெள்ளை சிதறிக் கிடக்கு. விளிம்புல ரம்பப் பல்லு. அட, கடைசிக் காலு கூரா இல்ல டீச்சர், துடுப்பு மாதிரி தட்டையா இருக்கு!"

"நீங்க எப்படிப் போட்டிருக்கீங்க?"

"முள்ளு மாதிரி. அதை வச்சுக்கிட்டு அந்த மூதேவி எப்படி நீந்தும்?"

சிவப்பை முழுக்கச் சுரண்டினார். முதலில் ஓடு. பிறகு கண்கள், கால்கள். அடிப்பூச்சு வெள்ளை காய்ந்ததும் அதன்மேல் நீலம். சாப்பாட்டுக்குக் கூடப் போகவில்லை. கடைசியாக இரண்டு கொடுக்கு.

டீச்சர் வந்து படத்தைப் பார்த்தார். வாளியையும் பார்த்தார். வாளி நண்டுக்கு ஒரு கொடுக்கு பெரிது, மற்றது விரல்நுனி அளவு. படத்தில் இரண்டும் சமம்.

டீச்சர் துணியை எடுத்து ஒரு கொடுக்கைத் துடைத்துவிட்டார்.

"ஐயோ! அது குறை நண்டு டீச்சர். கழிவு. என் கையில சிக்கினா தூக்கிக் கடல்ல எறிஞ்சிருப்பேன்."

"எறிஞ்ச பிறகு?"

"பிறகு என்ன?"

"அதைத்தான் கேட்கிறேன்."

இன்னாசி வாளிக்குள் கையை விட்டு நண்டைப் பின்பக்கமாகப் பிடித்துத் தூக்கினார். சின்னக் கொடுக்கு ஒடிந்த கொடுக்கு இல்லை, ஒடிந்த இடத்தில் புதிதாக முளைத்தது. அதற்கும் பல் இருந்தது. அதுவும் அவர் விரலைத் தேடித் திறந்து திறந்து மூடியது.

நண்டைக் கொண்டுபோய் அலையில் விட்டார். திரும்பி வந்து இருப்பதிலேயே மெல்லிய தூரிகையை எடுத்தார்.

சாயங்காலம் லாசர் வந்தார். தள்ளி நின்று பார்த்தார்.

"ஆங். இது கடல்ல போற நண்டு."

பக்கத்தில் போனார். முகம் சுருங்கியது.

"ஏய்யா, இந்தக் கொடுக்கு ஏன் இத்துனூண்டா இருக்கு? எப்ப முடிக்கப்போற?"

இன்னாசி டீச்சரைப் பார்த்தார்.

"அது வளர்ந்துக்கிட்டிருக்கு," என்றார் டீச்சர். "நீங்க காலையில படகை இறக்குங்க."