முயலுக்கு வீடு காட்டிய உடும்பு

ஒரு காட்டில் வீடு விற்கும் உடும்பு ஒருவர் இருந்தார். உடும்பார் என்றுதான் எல்லோரும் மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவருக்குச் சொந்தமாக வீடு இருந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள், குழந்தைகளே. இருந்திருந்தால் வீட்டைப் பற்றி அவ்வளவு அழகாகப் பேசியிருக்க மாட்டார்.

அதே காட்டின் பாறை மேட்டில் ஒரு முயலம்மா குடியிருந்தாள். அவளுக்கு நான்கு குட்டிகள். கண் திறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. குட்டிகளின் அப்பாவை ஓநாய் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து அவளுக்கு எதைப் பார்த்தாலும் பயம். சருகு அசைந்தால் பயம். அசையாவிட்டால், ஏன் அசையவில்லை என்று பயம்.

பயந்தவள் வீட்டு வாசலுக்குத்தான் உடும்பார் போன்றவர்கள் முதலில் வருவார்கள். வந்தார்.

“தங்கச்சி, இந்த மேட்டுக்கு மேலே மூன்று நாளாக ஒரு கழுகு வட்டமடிக்கிறதே, பார்த்தாயா?”

முயலம்மா பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பாள்? கழுகே வரவில்லை. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அவள் தலைக்குள் ஒரு கழுகு வட்டமடிக்கத் தொடங்கியது.

“பச்சைக் குட்டிகளை வைத்துக்கொண்டு இப்படித் திறந்த மேட்டில் கிடக்கிறாயே. நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் ஊர் யாரைப் பேசும்? தாயைத்தான் பேசும். நான் ஏதாவது சொன்னால், விற்பதற்காகச் சொல்கிறான் என்பாய். அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.”

ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டு அரை நாழிகை பேசினார். மேடு மோசம், காற்று மோசம், பாறை சுடும், வளை குறுகல், வாசல் ராசியில்லை.

“வேறு வீடு வாங்க என்னிடம் என்ன இருக்கிறது அண்ணா?”

“இந்தப் பழைய வளையைக் கொடு, போதும். இதை வேறு யார் வாங்குவார்கள்? உன் முகத்துக்காக நான் தலையில் கட்டிக்கொள்கிறேன்.”

எப்பேர்ப்பட்ட மழையிலும் சொட்டு நீர் இறங்காத இடம் அந்தக் காட்டில் ஒன்றே ஒன்றுதான். அது அந்தப் பாறை மேடு. பேசிக்கொண்டே உடும்பார் தன் நாக்கை நீட்டி நீட்டி வளையின் நீள அகலத்தை அளந்தார். முயலம்மா அதைக் கவனிக்கவில்லை. கழுகைத் தேடி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை, குட்டிகளை வளையின் கடைசி மூலைக்குத் தள்ளி, வாசலைச் சருகால் மூடிவிட்டு, அவள் வீடு பார்க்கப் போனாள்.

புரட்டாசி மாதம். மழைக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. உடும்பார் அவளை மேட்டிலிருந்து இறக்கி, இறக்கி, இன்னும் இறக்கி, ஒரு பரந்த வெளிக்குக் கூட்டிவந்தார். சுற்றிலும் மருத மரங்கள். நடுவில் ஒரு வளை. வாசலில் ஆவாரம்பூத் தோரணம். உள்ளே மெத்தென்று புல் பரப்பியிருந்தது.

வாசல் கல்லின் மேல் ஓணான் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

“இவர் வீடுகளைச் சோதித்துச் சான்று கொடுப்பவர்” என்றார் உடும்பார். “சந்தேகம் எதுவானாலும் இவரிடம் கேள்.”

“ஐயா, இந்த வீடு மழைக்குத் தாங்குமா?” என்று முயலம்மா கேட்டாள்.

ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டினான்.

“பார்த்தாயா?” என்றார் உடும்பார். கேட்டுக்கொண்டே அவள் முன்னங்காலைப் பிடித்து உள்ளே இழுத்தார். உடும்புப் பிடி என்று சும்மாவா சொல்கிறார்கள்?

“இது நடுக்கூடம். இது குட்டிகள் தூங்கும் அறை. இது கழுகு வந்தால் ஒளிந்துகொள்ளும் அறை.”

“இங்கேயும் கழுகு வருமா அண்ணா?”

“வராது. வந்தால் என்று சொன்னேன்.”

சுவரில் ஈரமண் புதிதாகப் பூசியிருந்தது. பயந்தவர்களுக்கு நகம் சும்மா இருக்காது. முயலம்மா சுவரைச் சுரண்டினாள். பூச்சு பெயர்ந்து ஒரு நத்தை ஓடு விழுந்தது.

“இது என்ன அண்ணா?”

“அலங்காரம். பெரிய இடத்து முயல்கள் எல்லாம் இப்போது சுவரில் நத்தை ஓடுதான் பதிக்கிறார்கள்.”

இன்னொரு இடத்தில் சுரண்டினாள். நண்டின் கொடுக்கு ஒன்று விழுந்தது.

“இது?”

“அதுவும் அலங்காரம்தான். நீ சுவரைச் சுரண்டாதே தங்கச்சி, வீட்டுக்கு ஆகாது.”

முயலம்மா வெளியே வந்தாள். மருத மரத்தின் அடியில் ஒரு கறை தெரிந்தது. நான்கு முயல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றால் எட்டும் உயரம் வரைக்கும் பட்டை கறுத்துக் கிடந்தது. அதற்கு மேலே வெளுப்பு.

“இந்தக் கறை?”

“யானை முதுகு தேய்த்த தடம்.”

“எல்லா மரத்திலும் ஒரே உயரத்தில் இருக்கிறதே?”

“ஒரே யானை” என்றார் உடும்பார்.

முயலம்மா மெல்ல ஓணானின் பக்கம் திரும்பினாள். “ஐயா, மழை வந்தால் இந்த வீட்டுக்குள் தண்ணீர் ஏறிவிடுமா?”

ஓணான் தலையை மேலும் கீழும் ஆட்டினான். முன்பு ஆட்டிய அதே ஆட்டல்தான், ஒரு துளி கூடவுமில்லை, குறையவுமில்லை.

அப்போது அவளுக்கு இன்னொரு பயம் பிடித்தது. கழுகுப் பயம் மேலிருந்து வந்தது. இந்தப் பயம் காலடியிலிருந்து ஏறியது. கழுகை அவள் பார்க்கவில்லை. நத்தை ஓட்டைப் பார்த்தாள்.

“நாளைக்கு வந்து சொல்கிறேன் அண்ணா.”

“நாளைக்கா?” உடும்பார் பிடியை விடவில்லை. “நாளைக்கு இந்த வீடு இருக்காது. எத்தனை பேர் கேட்கிறார்கள் தெரியுமா? உனக்காகவே பதிவுக்குக் காட்டெருமையாரை வேறு காலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறேன்.”

அது உண்மைதான். மரத்தடியில் காட்டெருமையார் அசைபோட்டபடி நின்றிருந்தார். அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. “என் வீட்டைக் கொடுத்து இந்த வீட்டை எடுத்துக்கொள்கிறேன்” என்று காட்டெருமையார் காதில் விழும்படி மூன்று முறை சொன்னால் பேரம் முடிந்தது. அவர் தன் குளம்பைத் தரையில் பதிப்பார். பதித்த பிறகு புலியே வந்து உறுமினாலும் மாற்ற முடியாது. வீடு நல்லதா, கெட்டதா, வாங்குகிறவர் அழுகிறாரா, சிரிக்கிறாரா, எதையும் அவர் பார்க்க மாட்டார். மூன்று வரைக்கும் எண்ணுவார், அவ்வளவுதான். அதற்கே அவரைப் பெரிய அதிகாரி என்பார்கள்.

உடும்பார் லேசாகச் சீறினார். உடனே புதருக்குப் பின்னாலிருந்து மூச்சிரைக்க ஒருவர் ஓடிவந்தார். கொழுத்த பெருச்சாளி.

“அப்பாடா, இன்னும் போகவில்லையா இந்த வீடு? நேற்றே வந்திருப்பேன். இப்படி ஒரு வீடு ஏழு காட்டிலும் கிடைக்காது. என் புற்றுமேட்டு வீட்டைக் கொடுத்து இந்த வீட்டை எடுத்துக்கொள்கிறேன்.”

“ஒன்று” என்றார் காட்டெருமையார், கண்ணைத் திறக்காமல்.

“மாமா, கொஞ்சம் பொறுங்கள்” என்று உடும்பார் பதறுவது போலப் பதறினார். “இந்தத் தங்கச்சி முதலில் வந்தவள். பாவம், சின்னப் பெண்.”

“சின்னப் பெண்ணாவது பெரிய பெண்ணாவது. என் புற்றுமேட்டு வீட்டைக் கொடுத்து இந்த வீட்டை எடுத்துக்கொள்கிறேன்.”

“இரண்டு.”

“தங்கச்சி, சீக்கிரம் சொல்லிவிடு” என்று உடும்பார் அவள் காதோரம் முணுமுணுத்தார். “அவர் இன்னொரு முறை சொல்லிவிட்டால் என் கையில் ஒன்றுமில்லை. நாளைக்குக் கழுகு உன் குட்டியைத் தூக்கும்போது என்னை நினைத்துக்கொள்வாய்.”

முயலம்மா மேட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குட்டிகளின் முகம் நான்கும் கண்முன் வந்தன. “சொல்லிவிடு, சொல்லிவிடு” என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தும் விட்டாள்.

அப்போதுதான் ஒன்று அவள் கண்ணில் பட்டது. ஏழு காட்டிலும் கிடைக்காத வீடு என்று சொன்ன பெருச்சாளி, வந்ததிலிருந்து வீட்டுக்குள் ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. அவர் உடும்பாரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

திறந்த வாயை முயலம்மா மூடிக்கொண்டாள். பிறகு வேறு ஒன்றைச் சொல்லத் திறந்தாள்.

“மாமாவுக்கு எத்தனை குட்டிகள்?”

“பதினொன்று.”

“அடடா. அப்படியானால் நான் விட்டுக்கொடுத்துவிடுகிறேன். மாமாவே எடுத்துக்கொள்ளட்டும்.”

பெருச்சாளி விழித்தார். உடும்பாரைப் பார்த்தார். உடும்பார் மரத்தைப் பார்த்தார். ஓணான் தலையை ஆட்டினான்.

“என்ன மாமா, மூன்றாவது முறை சொல்லவில்லையே?”

“சொல்லலாம், சொல்லலாம். இப்போது என்ன அவசரம்?”

“இவ்வளவு நேரம் இருந்த அவசரம் எங்கே போயிற்று?” முயலம்மா உடும்பாரிடம் குனிந்தாள். மெல்லப் பேசுவது போல, நன்றாகக் கேட்கும்படி பேசினாள். “அண்ணா, நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது. மாமாவைப் பார்த்தால் வீடு வாங்குகிறவர் மாதிரித் தெரியவில்லை. வேலி ஓரத்தில் கிழங்கு பொறுக்குகிற ஆள் மாதிரி இருக்கிறார். இவருக்கு ஏது புற்றுமேட்டில் வீடு? அது அத்தையின் அப்பா வீடாக இருக்கும். அத்தையைக் கேட்காமல் இவர் எப்படிச் சொல்வார்?”

பெருச்சாளிகளுக்கு உடம்பு பெரிது. அதைவிடப் பெரிது ரோஷம். மிச்ச இடத்தில்தான் அறிவு, பாவம், எங்கோ ஒண்டிக்கொண்டிருக்கும்.

“யாரைப் பார்த்து என்ன பேசுகிறாய்?” என்று பெருச்சாளி மயிர் சிலிர்த்து எழுந்தார். “என் வீடு என் சொந்த வீடு. நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கேட்டுக்கொள். என் புற்றுமேட்டு வீட்டைக் கொடுத்து இந்த வீட்டை எடுத்துக்கொள்கிறேன்.”

“மூன்று” என்றார் காட்டெருமையார். குளம்பை ஓங்கித் தரையில் பதித்தார்.

பெருச்சாளி தரையில் பதிந்த குளம்பைப் பார்த்தார்.

பெருச்சாளிக்கு மெல்ல மெல்ல விளங்கியது. “ஐயா, இது செல்லாது. நான் வாங்க வரவில்லை. கூச்சல் போட வந்தேன். இரண்டு வள்ளிக்கிழங்கு தருகிறேன் என்று இந்த உடும்புதான் கூட்டிவந்தது. இது வீடா? ஐப்பசி வந்தால் என் தலைக்கு மேலே மூன்று முழம் தண்ணீர் நிற்கும். இது குளம் ஐயா.”

“குளம்தான்” என்றார் காட்டெருமையார். “மழைக்காலத்தில் நான் படுக்கிற குளம்.”

“தெரிந்துமா குளம்பை வைத்தீர்கள்?”

“என்னை யாரும் கேட்கவில்லை. என் வேலை எண்ணுவது.”

“உடும்பு மாப்பிள்ளை, நீயாவது சொல்லேன்” என்று பெருச்சாளி கெஞ்சினார்.

உடும்பார் ஒரு கணம்தான் யோசித்தார். பாறை மேடு கைநழுவிவிட்டது. ஆனால் புற்றுமேடும் மேடுதானே?

“மாமா, சொன்ன சொல் சொன்னதுதான். வாக்குத் தவறுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. நாளைக் காலைக்குள் வீட்டைக் காலி செய்துவிடுங்கள்.”

அப்போதுதான் அவர் பிடி தளர்ந்தது. முயலம்மா அதற்கு மேல் ஒரு நொடியும் நிற்கவில்லை. வழியெல்லாம் தடுக்கித் தடுக்கி விழுந்து வீட்டுக்கு ஓடினாள். சருகை விலக்கி எண்ணிப் பார்த்தாள். நான்கும் இருந்தன. அதன் பிறகும் இரண்டு முறை எண்ணினாள்.

பெருச்சாளி வீட்டைக் காலி செய்தார். செய்யாமல் என்ன செய்வார்? ஆனால் வீட்டை எப்படிக் காலி செய்வது என்று அவர் மனைவிக்குத்தான் தெரியும். கணவரை நாலு வார்த்தை கேட்டாள், பிறகு நாற்பது வார்த்தை கேட்டாள். கேட்டு முடித்ததும் பதினொரு குட்டிகளையும் வரிசையாக நிறுத்தினாள். “தோண்டுங்கள்” என்றாள். பெருச்சாளிக் குட்டிகளுக்கு அதைவிட இனிய சொல் உலகத்தில் உண்டா? பொழுது சாய்வதற்குள் புற்றுமேட்டைக் குடைந்து குடைந்து, மேலே ஒரு விரல் கனம் மண்ணை மட்டும் விட்டுவைத்தார்கள்.

காலையில் உடும்பார் மாலையும் கழுத்துமாகப் புது வீட்டுக்குள் நுழைந்தார். கால் நீட்டிப் படுத்தார். கூரை அவர் மேல் படுத்தது. தப்பி வெளியே வந்தபோது வாலில் பாதி தட்டையாகியிருந்தது.

நான்காம் நாள் மழை பிடித்துக்கொண்டது. ஆவாரம்பூத் தோரணம் மிதந்தது. குளம் நிரம்பியது. காட்டெருமையார் நாசி வரைக்கும் மூழ்கி நிம்மதியாகப் படுத்திருந்தார். பெருச்சாளி குடும்பத்தோடு யாரோ ஒருவரின் வேலி ஓரத்தில் ஒண்டியிருந்தார்.

ஏழாம் நாள், கொட்டுகிற மழையில், பாறை மேட்டு வாசலில் ஒரு தட்டை வால் தெரிந்தது.

“தங்கச்சி, நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளாதே. ஆற்றோரம் ஒரு வளை வந்திருக்கிறது. வெள்ளம் எட்டிப் பார்க்காத இடம். மழை விட்டு நன்றாக வெயில் வரட்டும், கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.”

முயலம்மாவுக்கு அப்போதும் பயம்தான். குட்டிகளைத் தனக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள்.

“வெயில் எதற்கு அண்ணா? இப்போதே பார்த்துவிடலாம். நீங்கள் முன்னால் போய் அந்த வீட்டுக்குள் உட்காருங்கள். நான் இங்கிருந்தே பார்க்கிறேன். தண்ணீர் கழுத்துக்கு வந்ததும் கையைக் காட்டுங்கள்.”

உடும்பார் மழையைப் பார்த்தார். ஆற்றைப் பார்த்தார். அன்று அவருக்கு வேறு வேலை இருந்தது.

நீதி: வீட்டை வானளாவப் புகழ்ந்து அவசரப்படுத்துகிறவனை, முதலில் அந்த வீட்டில் குடியேறச் சொல்.